வேதகலாபனை பற்றி எழுதும்போது விழுந்தவர்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தவக்காலத்திலும் புனிதர்களின் திருநாள்களிலும் நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கங்களில் ஆதிக் கிறிஸ்தவர்கள் விசுவாசத்துக்காகப் பட்ட பாடுகளைப் பற்றிய, அதாவது வேதகலாபனையைப் பற்றிய, கட்டுரைகள் வருகின்றன. பக்தியோடு எழுதப்படுபவைதான். ஆனால் திரும்பத் திரும்ப மூன்றே காட்சிகள்: கொலோசியத்தில் சிங்கம், நிலத்தடிச் சுரங்கத்தில் ஒளிந்து நடக்கும் வழிபாடு, முந்நூறு ஆண்டுகள் ஓயாத வேட்டை. அந்தக் காலத்து ஆவணங்கள் காட்டுவது வேறு. இந்தக் காட்சிகளே பக்கத்தை நிறைத்துவிடுவதால், அந்த மக்களின் விசுவாசம் எந்த இடத்தில் சோதிக்கப்பட்டது, நம்பிக்கையை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது. அதற்காகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. கி.பி. 64இல் பேரரசர் நீரோ செய்த கொடுமை ரோம் நகரோடு நின்றது. அதன்பின் 250 வரை நடந்தவை அனைத்தும் உள்ளூர்க் கலாபனைகள். ஓர் ஊரில் பத்துப் பேர் கொல்லப்படுவார்கள். அடுத்த ஊரில் இரண்டு தலைமுறை நிம்மதியாக வாழும். பேரரசு முழுவதற்குமான ஆணைகள் மூன்று பேரரசர்களின் காலங்களில்தான் வந்தன: 250இல் டேசியஸ், 257 முதல் 260 வரை வலேரியன், 303இல் தொடங்கிய டயோக்ளீஷியன் காலக் கலாபனை. கடைசியது பேரரசர் கலேரியஸ் 311 ஏப்ரல் 30 அன்று வெளியிட்ட ஆணையால் தணிந்தது. கிழக்கில் முற்றாக ஓய 313 ஆயிற்று. 'பத்துக் கலாபனைகள்' என்று எண்ணிக்கை போடுவது பிற்கால வழக்கம். அந்தக் கணக்கை புனித அகுஸ்தீனாரே ஏற்கவில்லை.

ரோமின் நிலத்தடிக் கல்லறைகள் ஒளிவிடங்கள் அல்ல. நகர எல்லைக்குள் யாரையும் புதைக்கக் கூடாது என்பது ரோமச் சட்டம். அதனால் நகருக்கு வெளியே, சாலையோரங்களில், வெட்டுவதற்கு எளிதான எரிமலைப் பாறையில் குடைந்து இறந்தோரை அடக்கம் செய்தார்கள். அவை எங்கே இருக்கின்றன என்று அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். 257இல் வலேரியன் கிறிஸ்தவர்கள் கல்லறைகளுக்குப் போவதைத் தடைசெய்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ரோம் ஆயர் (பிஷப்) இரண்டாம் சிக்ஸ்துவைக் கல்லறையிலேயே பிடித்து, அவருடைய உதவிப் பணியாளர்களான நான்கு திருத்தொண்டர்களோடு கொன்றார்கள். ஒளிய நினைப்பவர் போகக்கூடிய இடமா அது? கொலோசியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழைய மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்) வரலாறும் இல்லை. இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னாவின் விளையாட்டரங்கு, பிரான்சின் லியோன் அரங்கு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரங்கு என்று இடம் தெரிந்தவை இருக்கின்றன, அவற்றை எழுதலாம். பலர் வாளால் வெட்டுண்டார்கள்; பலர் சிறையிலேயே செத்தார்கள்.

இனி முக்கியமான விஷயம். ரோம அதிகாரி பெரும்பாலும் இவர்களைக் கொல்ல விரும்பவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பணிவு. ஒரு சிட்டிகை சாம்பிராணி, ஒரு வாய் மது, ஒரு சொல், அவ்வளவு போதும். கி.பி. 112 வாக்கில் பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, தாம் செய்ததை டிராஜன் பேரரசருக்கு எழுதி அனுப்பினார். கிறிஸ்தவனா என்று கேட்பார். ஆம் என்றால் தண்டனையை எச்சரித்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பார். அப்போதும் மாறாவிட்டால் கொலைத்தண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவரானால் ரோமுக்கு அனுப்பப்படுவார். இல்லை என்று மறுப்பவர் தெய்வங்களை அழைத்து, பேரரசரின் உருவத்துக்குமுன் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் வீட்டுக்குப் போகலாம். டிராஜன் அனுப்பிய பதில் இன்னும் சுருக்கம்: தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகாரை ஏற்க வேண்டாம், மறுத்துத் தெய்வங்களை வணங்கினால் மன்னித்து விடலாம். 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் சில்லி என்ற ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர்களை விசாரித்த ஆளுநர் சாத்தூர்னினுஸ், யோசித்துச் சொல்ல முப்பது நாள் தவணை தருவதாகச் சொன்னார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, நூல்களும் பவுல் என்ற நீதிமானின் கடிதங்களும் என்று பதில் வந்தது. பன்னிரண்டு பேர் வெட்டப்பட்டார்கள்.

தப்பிக்கும் வழி கடைசி நொடி வரை திறந்தே இருந்தது என்பதை எழுதாவிட்டால், அவர்கள் எதை மறுத்தார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது. சிங்கத்தின் வாயில் விழுந்தவருக்குத் தெரிவு எதுவும் இல்லை. சாம்பிராணித் தட்டின் முன் நிற்பவருக்குத் தெரிவு இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது, கடன் இருக்கிறது. இது வெறும் சடங்குதானே, மனசுக்குள் நீ நினைப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் அன்போடுதான் சொல்வார்.

டேசியஸ் இதை ஊர்தோறும் எழுத்து வேலையாக்கினார்: எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்) தாள்களில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்குமேல் நம் கைக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பாயூம் வட்டாரத்துத் தியாடெல்பியா கிராமத்தைச் சேர்ந்தவை. எல்லாம் 250 ஜூன், ஜூலை மாதத் தேதியிட்டவை. ஒன்றில் அலெக்சாண்டர் தீவு என்ற கிராமத்தைச் சேர்ந்த, சதபூஸ் மகன் ஔரேலியஸ் டயோஜெனிஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு உள்ளவர் விண்ணப்பிக்கிறார். நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன்; இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், மது வார்த்தேன், பலிப்பொருளைச் சுவைத்தேன்; இதற்குச் சான்றளிக்க வேண்டுகிறேன் என்கிறார். கீழே சாட்சிகளின் கையொப்பம், பேரரசரின் முழுப் பட்டப்பெயர், ஆண்டு, மாதம், நாள். டயோஜெனிஸ் கிறிஸ்தவரா என்று இந்தத் தாள் சொல்லாது; ஏனென்றால் ஆணை எல்லாருக்கும்தான். முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தியின் சான்றிதழ்கூட இருக்கிறது. பலி, வார்ப்பு, சுவைத்தல் ஆகிய மூன்றையும் அதிகாரியின் கண்முன் செய்ய வேண்டும் என்பதை இத்தாள்களிலிருந்து திட்டமாக அறிகிறோம்.

இதில் திருச்சபை பெருமளவில் உடைந்தது. மறைசாட்சிகளைப் பற்றி எழுதுவோர் இதை விட்டுவிடுவது சரியல்ல. விட்டுவிடாதவர் அந்தக் காலத்துக் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான்தான். யாரும் இழுத்துப் போகாமலே மக்கள் ஓடினார்கள், மாலையாகிவிட்டது நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள் என்று அவர் எழுதுகிறார். அலெக்சாந்திரியாவில் பதவியில் இருந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டார்கள். சிலர் தாங்களே பலியாகப் போகிறவர்கள் போல வெளிறி நடுங்கினார்கள், கூட்டம் சிரித்தது என்று அந்நகர் ஆயர் தியோனீசியுஸ் குறிப்பிடுகிறார். உடைந்ததற்குக் காரணம் தேடினால் நீண்ட அமைதி கண்ணில் படும். பல ஊர்களில் ஒரு தலைமுறைக்குமேல் பெரிய தொல்லை இல்லாமல் சபை வளர்ந்திருந்தது. நிலமும் பதவியும் உள்ளவர்கள் சேர்ந்திருந்தார்கள். ஊர் அறிந்தவர்களுக்கு ஒளிய இடமும் இல்லை.

இப்படி விசுவாசத்தில் தவறி விழுந்தவர்களும் ஒரே வகை அல்ல. சிலர் பலியிட்டு உண்டார்கள். சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள். சிலர் எதுவும் செய்யாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். வீட்டார் அனைவரையும் காப்பாற்றத் தான் ஒருவர் மட்டும் போய்ப் பலியிட்ட குடும்பத் தலைவர்களும் உண்டு. இந்த வேறுபாடுகளைத் திருச்சபை ஒன்றொன்றாக எடுத்து எடைபோட்டது. அங்கேதான் அந்தத் தலைமுறையின் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று பார்க்க முடிகிறது என்பது என் கருத்து.

அதற்குமுன் சிறையைப் பற்றி. ரோமச் சிறை தண்டனைக்கூடம் அல்ல. விசாரணைக்கும் தீர்ப்பு நிறைவேறுவதற்கும் காத்திருக்கும் இடம். சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்து போக வேண்டும். ஆள் இல்லாதவன் பட்டினி கிடப்பான். 197 வாக்கில் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுவதிலிருந்து ஏற்பாடு தெரிகிறது: மாதம் ஒருமுறை விரும்புகிறவர், இயன்றதை மட்டும் காணிக்கைப் பெட்டியில் போடுவார்; அந்தப் பணம் ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும், அனாதைகளுக்கும், வயதான அடிமைகளுக்கும், கப்பல் உடைந்தோருக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் கிடப்பவர்களுக்கும் போகும். 203இல் கார்த்தேஜில் பெர்பெத்துவா என்ற கிறிஸ்தவப் பெண் கைதானபோது அவருக்கு வயது இருபத்திரண்டு வாக்கில். கையில் பால்குடிக் குழந்தை. தெர்த்தியு, பொம்போனியு என்ற இரு திருத்தொண்டர்கள் காவலருக்குப் பணம் கொடுத்து, சில மணிநேரம் காற்றோட்டமான பகுதிக்கு அவர்களை மாற்றினார்கள். பசியால் வாடியிருந்த குழந்தைக்கு அங்கேதான் பால் கொடுத்தார். 251இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் சபையின் அளவைச் சொல்கிறது: மூப்பர்கள் (குருக்கள்) 46, திருத்தொண்டர்கள் 7, துணைத் திருத்தொண்டர்கள் 7, பீடத்துணைவர்கள் 42, சபை உணவளித்துவந்த விதவைகளும் எளியோரும் 1,500-க்குமேல். இது கலாபனை நடந்துமுடிந்த அடுத்த ஆண்டின் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிப்பிரியானின் கடிதங்களில் வேலைமுறையே இருக்கிறது. சிறைக்குக் கூட்டமாகப் போகாதீர்கள். பகை கிளம்பும், பிறகு அனுமதியே கிடைக்காமல் போகும். திருப்பலி நிறைவேற்றப் போகும் மூப்பர் ஒருவர், திருத்தொண்டர் ஒருவர் என்று முறைவைத்து மாறி மாறிப் போங்கள்; முகம் மாறினால் சந்தேகம் குறையும். சிறையில் இறந்தவர்களின் நாளைக் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் நினைவு கொண்டாட வேண்டும். நாம் இன்று கொண்டாடும் புனிதர் திருநாள்களின் வேர்களில் ஒன்று அந்தத் தேதிக் குறிப்பில் இருக்கிறது. ஸ்மிர்னா மக்கள் சிப்பிரியானுக்கு முன்பே, தங்கள் ஆயர் பொலிகார்ப்பு எரிக்கப்பட்ட நாளை அவரது பிறந்தநாளாகக் கொண்டாட முடிவு செய்து, அதைக் கடிதமாக எழுதியிருந்தார்கள். அதே ஸ்மிர்னாக் கடிதம் குயிந்து என்பவரையும் குறிப்பிடுகிறது. தானாகவே முன்வந்து பிடிபட்டு, மிருகங்களைக் கண்டதும் பயந்து பலியிட்டவர் அவர். தாங்களாகப் போய்ச் சரணடைபவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று சபை தெளிவாக எழுதியது. ஓடி ஒளிவது குற்றமல்ல. சிப்பிரியானும் 250இல் ஒளிந்திருந்துதான் சபையை நடத்தினார்; 258 செப்டம்பர் 14 அன்று தலை கொடுத்தார்.

லியோன் நகரில் 177இல் நடந்ததை நம் கட்டுரைகள் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணின் வீரமாக மட்டும் சொல்கின்றன. வீரம் உண்மை. ஆனால் அந்தச் சபையார் எழுதிய கடிதத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. முதல் விசாரணையில் ஏறக்குறைய பத்துப் பேர் மறுத்துவிட்டார்கள். வழக்கத்துக்கு மாறாக அவர்களையும் விடவில்லை; கொலைகாரர், ஒழுக்கங்கெட்டவர் என்ற குற்றம்சாட்டி அதே சிறையில் போட்டார்கள். உறுதியாக நின்றவர்கள் இவர்களை ஒதுக்கவில்லை, குற்றம் சொல்லவில்லை. இவர்களுக்காக அழுது வேண்டினார்கள். மறுவிசாரணையில் மறுத்தவர்களுள் பெரும்பாலோர் தங்கள் மறுப்பைத் திரும்பப் பெற்று உயிர் கொடுத்தார்கள். பிறகு உடல்களை ஆறு நாள் திறந்தவெளியில் போட்டு, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கைதானே இவர்களை இப்படி நிற்க வைக்கிறது, அதையே இல்லாமலாக்குவோம் என்பது கொன்றவர்களின் எண்ணம்.

250க்குப் பின் கார்த்தேஜில் வந்த சிக்கல் இதைவிடப் பெரிது. சிறையில் விசுவாசத்தில் உறுதியாக நின்று காட்டியவர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, விழுந்தவர்கள் உடனே நற்கருணைக்கு (திருப்பலியில் தரப்படும் அப்பத்துக்கு) வரத் தொடங்கினார்கள். சில கடிதங்களில் பெயரே இல்லை. இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்று மட்டும் இருக்கும். ஒரு தாளைக் காட்டி இருபது முப்பது பேர் உள்ளே வரலாம். சிப்பிரியான் மறைசாட்சிகளை மதித்தார். ஆனால் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள், அவர்களின் மனவருத்தத்தை நீங்களே பார்த்திருக்க வேண்டும் என்றார். எதிர்ப்பக்கத்தில் ரோமில் நோவாத்தியன் என்ற மூப்பர், விழுந்தவருக்கு இனிச் சபையில் இடமே இல்லை என்று தனியே பிரிந்தார். 251இல் கூடிய ஆயர்கள் நடுவழி எடுத்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் தவத்தில் இருக்க வேண்டும், சாவு நெருங்கினால் மறுக்கக் கூடாது. அடுத்த கலாபனைக்கான அறிகுறி தெரிந்ததும் தவத்தில் இருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று ஒருவனைக் கேட்கப் போகிறோம், அவனுக்குக் கிறிஸ்துவின் இரத்தக் கிண்ணத்தை எப்படி மறுப்பது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அலெக்சாந்திரியாவில் செராப்பியோன் என்ற முதியவர் பலியிட்டுவிட்டார். பலமுறை கெஞ்சியும் யாரும் காது கொடுக்கவில்லை. சாகக் கிடந்தபோது இரவில் பேரனை அனுப்பி மூப்பரை அழைத்தார். மூப்பருக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை. ஆனால் சாகும் நிலையில் கேட்பவருக்குப் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்று ஆயர் தியோனீசியுஸ் முன்பே உத்தரவிட்டிருந்தார். மூப்பர் நற்கருணையில் சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் விடச் சொன்னார். அப்படியே செய்தான்; வாங்கியதும் உயிர் பிரிந்தது. ஆயர் இதை வேறொரு ஆயருக்குக் கடிதமாக எழுதி, விழுந்தவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்குச் சான்றாக வைத்தார்.

303 பிப்ரவரி 24 ஆணையில் குறி மாறியது: கிறிஸ்தவக் கோயில்களை இடிக்க வேண்டும், வேத நூல்களை எரிக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் அந்த ஆண்டு மே 19 அன்று நடந்த சோதனையின் பட்டியல் வரிவரியாக இருக்கிறது, பிற்கால வழக்கொன்றில் சான்றாகப் படிக்கப்பட்டதால் தப்பியது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்கு 11, பெண்களின் அங்கி 82, ஆண்களின் அங்கி 16, ஆண்கள் காலணி 13 சோடி, பெண்கள் காலணி 47 சோடி. அந்தத் துணியும் காலணியும் ஏழைகளுக்காக வைத்திருந்தவை என்றே கொள்ள வேண்டும். நூலறையில் அலமாரிகள் காலி. புத்தகங்கள் கோயிலில் வேதம் படிக்கும் வாசகர்களிடம் இருக்கின்றன என்றார் ஆயர். அந்த வாசகர்களின் வீட்டைக் காட்டச் சொன்னபோது இரு துணைத் திருத்தொண்டர்கள், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, வேண்டுமானால் கொல்லச் சொல்லுங்கள் என்று கைதானார்கள். வேறு இருவர் காட்டினார்கள். ஒரு வீட்டில் 4 புத்தகம், ஒரு வீட்டில் 5, இன்னொன்றில் 8 என்று மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். ஒரே பட்டியலில் நின்றவரும் விழுந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

எகிப்திலிருந்து இரண்டு தாள்கள். 304 பிப்ரவரி 5 அன்று கைசிஸ் கிராமத்து முன்னாள் கோயிலின் வாசகர் அம்மோனியுஸ், எங்கள் கோயிலில் பொன், வெள்ளி, பணம், துணி, கால்நடை, அடிமை, நிலம் எதுவும் இல்லை, இருந்த வெண்கலப் பொருளைக் கொடுத்தாயிற்று என்று அறிக்கை தருகிறார். எழுதத் தெரியாதவர் என்று சொல்லி அவருக்காக வேறொருவர் கையொப்பமிடுகிறார். கோயிலில் வாசிப்பதே தொழிலாகக் கொண்டவர்! கிரேக்கம் எழுத வராதவரா, சத்தியம் செய்து கையெழுத்துப் போட மனமில்லாதவரா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். இன்னொன்று, அக்காலத்தைச் சேர்ந்தது, கோப்ரேஸ் என்பவர் மனைவி சராப்பியாஸுக்கு எழுதிய கடிதம். நில வழக்குக்காகப் போன இடத்தில், நீதிமன்றத்துக்கு வருபவர்கள் பலியிட வேண்டும் என்று தெரியவந்தது. அதனால் சகோதரனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். பிறகு வழக்கறிஞரைப் பார்த்தது, வீட்டாரின் நலம் என்று கடிதம் போகிறது. எத்தனை சாதாரணமாக, எத்தனை உறுதியாக ஒரு மனிதர் தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்கிறார்!

இந்தக் கலாபனையின் நடுவிலேயே, 306இல் அலெக்சாந்திரியா ஆயர் பேதுரு விழுந்தவர்களுக்கான விதிகளை வெளியிட்டார். சித்திரவதை தாங்காமல் விழுந்தவருக்கு இன்னும் நாற்பது நாள் தவம். சிறைத் துன்பம் மட்டும் பட்டு விழுந்தவருக்கு மேலும் ஓர் ஆண்டு. எசமான் தனக்குப் பதிலாக அடிமையை அனுப்பிப் பலியிட வைத்திருந்தால் அடிமைக்கு ஓர் ஆண்டு, எசமானுக்கு மூன்று ஆண்டு. பணம் கொடுத்துத் தப்பியவர் மேல் குற்றமில்லை, அவர் இழந்தது பொருளைத்தான். ஓடிப்போனவர் மேலும் குற்றமில்லை, அவருக்குப் பதிலாக வேறொருவர் பிடிபட்டிருந்தாலும். இந்தத் தவங்களுக்கெல்லாம் முடியும் நாள் குறித்திருக்கிறது.

எனவே தங்கள் இதழில் இனி இந்தப் பொருளில் கட்டுரை வரும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறேன். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைத் தவறாமல் குறிப்பிடலாம். பிற்காலப் பக்திக் கதைகளையும் அக்காலத்து விசாரணைப் பதிவுகளையும் பிரித்துக் காட்டலாம். சில்லி மறைசாட்சிகளின் விசாரணையும் பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பும் இரண்டாவது வகை. சுரங்கக் கல்லறை ஓவியங்களை அச்சிடும்போது, அங்கே சிங்கக்குகையில் தானியேலும் மீனிலிருந்து மீண்ட யோனாவும் நெருப்புச்சூளையில் மூன்று இளைஞரும் இருக்கிறார்கள் என்று தலைப்பில் எழுதலாம். படத்துக்கு ஒரே இடம்தான் இருக்கிறதென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் கற்பனையில் வரைந்த அரங்கைவிட, 250ஆம் ஆண்டின் அந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்களில் ஒன்றைப் போடுங்கள். அதன் வாசகத்தையும் தமிழில் கீழே தாருங்கள்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி